இரண்டு தெரு தள்ளி

கப்பல்காரன் வீட்டுப் படியேறியபோது காலை பத்து மணி. ஒன்பது மாதம் கழித்து வருகிறான். விமானம், ரயில், பேருந்து என்று இரண்டு நாள் உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. கப்பல்காரன் என்பது தெருவில் அவனுக்கு வைத்த பெயர். உண்மையில் அவன் சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் ஃபிட்டர். பம்பு, வால்வு, குழாய் எதுவும் ஒழுகாமல் பார்த்துக்கொள்வது வேலை. கம்பெனி பதினேழு நாள் விடுப்பு கொடுத்திருந்தது. அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று கறாராகச் சொல்லியும் விட்டது.

உள்ளே அவன் மகன் இருந்தான். பிறந்து பன்னிரண்டு நாள்.

மனைவிதான் கதவைத் திறந்தாள். முகம் வெளுத்து, கன்னம் ஒட்டி, பாதி ஆளாகியிருந்தாள். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

“அங்கயே நில்லுங்க. ரெண்டு நாள் அழுக்கோட குழந்தைகிட்ட வராதீங்க. நேரா குளிக்கப் போங்க, துண்டு எடுத்து வெச்சிருக்கேன்.”

“முகத்தையாவது பாத்துட்டுப் போறேனே.”

“தூங்குறான். பத்து நிமிஷத்துல எந்திரிச்சு ஓடிட மாட்டான்.”

அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் மஞ்சள் துணி சுற்றிய சின்ன மூட்டை. மூட்டையின் ஒரு முனையில் கறுகறுவென்று கொஞ்சம் தலைமுடி. வேறெதுவும் தெரியவில்லை. சரி, பத்து நிமிஷம்தானே என்று குளிக்கப் போனான்.

தலைக்குச் சோப்பு போட்டிருந்தபோது மனைவி கதவைத் தட்டினாள். பட்டாணிக்குக் காய்ச்சலாம், வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லி மழலையர் பள்ளியிலிருந்து போன் வந்திருக்கிறது. தன் அம்மாவை அனுப்பவா என்று கேட்டாள்.

“வேண்டாம், நானே போறேன்.”

பட்டாணி அவர்களுடைய மூத்த பெண். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக, உருண்டையாக இருந்ததால் அந்தப் பெயர். இப்போது மூன்றரை வயது. அவளையும் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு பேரையும் ஒன்றாக மடியில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தபடி கப்பல்காரன் ஈரத் தலையோடு தெருவில் இறங்கினான்.

பள்ளியில் ஆயா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். குழந்தையின் வாயிலிருந்து எச்சில் ஒழுகிச் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. கண் இரண்டும் சொருகிக் கிடந்தன.

“யாரு வந்திருக்கா பாருடி. அப்பா வந்திருக்காரு.”

பட்டாணி அவனை மேலும் கீழும் பார்த்தாள். “இது அப்பா இல்ல. அப்பா போன்ல இருக்காரு.”

ஆயா சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான். கையை நீட்டினான். அவளுக்கு மறுக்கத் தெம்பில்லை, தோளில் சாய்ந்துகொண்டாள். கழுத்தில் அனலடித்தது.

“இந்த வாரத்துல இவ நாலாவது பிள்ளை” என்றாள் ஆயா. “மத்த மூணு பேருக்கும் உள்ளங்கையில கொப்புளம். ஒண்ணு வாயில வெச்ச பொம்மையத்தான இன்னொண்ணு பிடுங்கி வாயில வைக்குது. நான் ஒருத்தி எத்தனை கையத்தான் பிடிக்கிறது, சொல்லுங்க. எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிட்டே வீட்டுக்குப் போங்க.”

தெருமுனையில் இருந்த டாக்டர் வயதில் அவனுடைய கடைசித் தங்கைக்கும் இளையவளாக இருப்பாள். டார்ச்சை வாய்க்குள் அடித்துப் பார்த்தாள். உள்ளங்கையைத் திருப்பினாள், செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்தாள். அரிசி அளவுக்குச் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்.

“கை, கால், வாய்னு மூணு இடத்துலயும் போடுற காய்ச்சல். என்டரோவைரஸ்னு ஒரு பெரிய குடும்பம் இருக்கு, அதுல ஒருத்தன் வேலை இது. இவனுக்குன்னு தனி மருந்து கிடையாது. ஆன்டிபயாட்டிக் குடுத்தாலும் கேக்க மாட்டான். ஒரு வாரம், பத்து நாள்ல அவனே கிளம்பிடுவான்.”

“அதுவரைக்கும்?”

“காய்ச்சலுக்கும் வலிக்கும் சிரப் எழுதித் தரேன். வாய்ப்புண்ணு எரியிறதால தண்ணி குடிக்க மாட்டா. அங்கதான் நீங்க ஜெயிக்கணும். சில்லுன்னு குடுங்க, கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. அரை நாளா ஒண்ணுக்குப் போகலைன்னா, விடாம வாந்தி எடுத்தா, கழுத்து விறைச்சா, தூக்கத்துல உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டா, எழுப்பினா சரியா முழிக்கலைன்னா எனக்குப் போன் பண்ணிட்டு உக்காந்திருக்காதீங்க. நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க.” எழுதிக்கொண்டே கேட்டாள். “வீட்டுல வேற யாரு இருக்கா?”

“என் மனைவி. அப்புறம் ஒரு பையன்.”

“பையனுக்கு என்ன வயசு?”

“பன்னெண்டு நாள்.”

டாக்டரின் பேனா நின்றுவிட்டது.

“வளந்தவங்களுக்கு இது வந்து போனதே தெரியாது. இவ வயசுக்கு ஒரு வாரத்துப் பாடு. பச்சக்குழந்தைக்குத்தான் பயப்படணும். அவங்கள்லயும் நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகுறதில்ல. ஆனா சில பேருக்கு இதயம், கல்லீரல், மூளைன்னு போய் உக்காந்துக்கும். முதல் மாசம் ரொம்பக் கவனமா இருக்கணும். குழந்தையையும் அம்மாவையும் தனியா வெக்க இடம் இருக்கா?”

“மாமியார் வீடு ரெண்டு தெரு தள்ளி இருக்கு.”

“இன்னைக்கே அனுப்பிடுங்க. இவ எச்சில், மூக்குச்சளி, கொப்புளத் தண்ணி, மலம் எல்லாத்துலயும் அது இருக்கும். இவளைப் பாத்துக்குறவங்க அந்தப் பக்கம் போகக் கூடாது. நீங்க குழந்தையத் தூக்கினீங்களா?”

“இல்ல. இன்னும் சரியாப் பாக்கக்கூட இல்ல. இன்னைக்குத்தான் வந்தேன்.”

“அப்ப நல்லதாப் போச்சு” என்றாள் டாக்டர். அவன் முகத்தைப் பார்த்த பிறகு குரல் இறங்கியது. “மன்னிச்சுக்கங்க.”

அவன் போனில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி, “அவளை நான் பாத்துக்குறேன், நீங்க இவனோட இருங்க” என்றாள். பால் குடிக்கிற பிள்ளைக்கு அப்பனை வைத்து என்ன செய்வது என்று இருவருக்குமே தெரிந்ததால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

பட்டாணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் எதிர்வரிசையில் நின்றான். வாசலில் வண்டி வந்தது. மாமியார் முதலில் பைகளை ஏற்றினாள். பின்னால் மனைவி மஞ்சள் மூட்டையை மார்போடு அணைத்தபடி வந்தாள். பட்டாணி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். “அம்மா” என்று அவள் கத்திய கத்தலில் தெருவே திரும்பியது. மனைவி திரும்பவில்லை. திரும்பினால் ஓடிவந்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். வண்டி போன பிறகும் பட்டாணி அவன் தோளைக் கடித்துக் கடித்து அழுதாள். கடித்தால் அவளுக்கே வாய் வலித்தது. அதற்கும் சேர்த்து அழுதாள்.

அன்று பகல் முழுவதும் அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. டம்ளரை நீட்டினால் தட்டிவிட்டாள். ஸ்பூனை நீட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டாள். பாட்டு பாடினான், குட்டிக்கரணம் அடித்தான், கெஞ்சினான். இன்ஜின் அறையில் பத்துப் பேரை வேலை வாங்கும் தலைமைப் பொறியாளரிடம்கூட அவன் இப்படிக் கெஞ்சியதில்லை.

“அம்மா வேணும்.”

“அம்மா வருவாங்கடா. முதல்ல ஒரு வாய் குடி.”

“அப்பா வேணும்.”

“நான்தான்டா அப்பா.”

“நீ இல்ல. போன் அப்பா.”

அவளுக்கென்று வீட்டில் ஒரு பழைய போன் இருந்தது. மூலையில் விரிசல் விழுந்தது. ஒன்பது மாதமாக அதில்தான் அவள் அவனைப் பார்த்து வந்தாள். அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். மணி மூன்றாயிற்று. காலையிலிருந்து ஒருமுறைகூட அவள் சிறுநீர் கழிக்கவில்லை என்று அவனுக்கு உறைத்தது.

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். தன் போனை எடுத்துப் பட்டாணியின் போனுக்கு வீடியோ அழைப்பு போட்டான். கூடத்தில் மணி அடித்தது. திரையில் அவள் முகம் வந்தது. வீங்கிய உதடு, ஒட்டிப்போன தலைமுடி.

“அப்பா” என்றாள். குரலில் அப்படி ஒரு நிம்மதி.

“என்னடா பட்டாணி. உடம்பு சரியில்லையா?”

“வாய் வலிக்குது. அம்மா போயிட்டாங்க. இங்க ஒரு ஆளு இருக்காரு.”

“எப்படி, நல்ல ஆளா?”

யோசித்தாள். “குட்டிக்கரணம் போடுறாரு.”

“சரி. அவர் உன் பக்கத்துல ஒரு கப்பு வெச்சிருக்காரா? அதுல ஐஸ் தண்ணி இருக்கு. அப்பாவும் இங்க குடிக்கிறேன். ரெண்டு பேரும் சேந்து குடிக்கலாம். யாரு கப்பு முதல்ல காலியாகுதுன்னு பாப்போம்.”

அவன் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்துக் குடித்தான். அவள் முகத்தைச் சுளித்தபடி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. ஆனாலும் விடவில்லை. அவன் வேண்டுமென்றே மெதுவாகக் குடித்துத் தோற்றான்.

தோற்றதைச் சொன்னபோது பட்டாணி சிரித்தாள். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவன் குரல் போனிலும் வந்தது, கதவுக்குப் பின்னாலும் வந்தது. போனைக் கையில் பிடித்துக்கொண்டே எழுந்து நடந்து வந்து சமையலறைக் கதவைத் தள்ளினாள். திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். அவன் டம்ளரைக் கீழே வைத்தான். அவள் பக்கத்தில் வந்து அவன் காலைத் தொட்டு, முட்டியை அழுத்திப் பார்த்தாள். பிறகு தூக்கச் சொல்லிக் கையை மேலே நீட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் அவனை விட்டு இறங்கவில்லை.

அவன் வேலையில் ஒரு பாடம் உண்டு. எண்ணெய் சொட்டுகிற இடம் ஒன்றாக இருக்கும், ஒழுகுகிற இடம் வேறாக இருக்கும். குழாயைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால்தான் ஓட்டை அகப்படும். அந்தக் கண்ணோடு வீட்டைப் பார்த்தான். எச்சில் பட்ட கை பொம்மைக்குப் போகிறது, பொம்மையிலிருந்து கதவுப்பிடிக்கு, கதவுப்பிடியிலிருந்து அவன் கைக்கு, அவன் கையிலிருந்து டம்ளருக்கு. கழிப்பறைக் குழாயைத் திறந்த கையாலேயே மறுபடி மூடினால் கழுவியும் பயனில்லை. டாக்டர் சொன்ன அளவுக்குப் பிளீச்சிங் திரவத்தைத் தண்ணீரில் கலந்து கதவுப்பிடி, சுவிட்ச், குழாய்த் திருகு, பொம்மைகள் என்று ஒன்று விடாமல் துடைத்தான். துண்டு, டம்ளர், தட்டு எல்லாம் அவளுக்குத் தனி. கப்பலில் எல்லோரும் பையில் வைத்துக்கொள்ளும் கைக் கிருமிநாசினி ஜெல் இந்த வைரஸிடம் அவ்வளவாகச் செல்லாது, சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் சரி என்று டாக்டர் சொல்லியிருந்தாள். பட்டாணிக்கும் கை கழுவப் பழக்கினான். சோப்பு போட்டு இருபது வரை எண்ண வேண்டும், இருபதில் கப்பல் சங்கு ஊதும். அவளுக்குப் பதினாலு வராது. பதிமூன்றிலிருந்து நேரே பதினாறுக்குத் தாவுவாள். அவன் பிடித்துத் திரும்பக் கொண்டுவருவான்.

காலையும் மாலையும் மனைவி போனில் வருவாள். நடுக்கடலில் இருந்தபோதும் போன்தான், இரண்டு தெரு தள்ளி இருக்கும்போதும் போன்தான்.

“நடந்தா நாலு நிமிஷம்” என்றான் ஒருநாள். “கப்பல்ல இருக்கும்போது மனசு கட்டுப்பட்டுக் கிடக்குது, நடுவுல கடல் இருக்கேன்னு. இங்க என்ன சொல்லி அதை உக்கார வைக்கிறது?”

“எனக்கு மட்டும் என்ன. அவ அங்க அழுதா இங்க எனக்குப் பால் கட்டிட்டு வருதுங்க. இவன் வாயில வெச்சா இவன் தூங்கிடுறான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவளுக்குத் தலை பின்னி விடுறீங்களா?”

“பின்னுறேன். கயிறு முறுக்குற மாதிரிதான் வருது.”

ஐந்தாம் நாள் காலை பட்டாணிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. ஆறவைத்த கஞ்சி அரைக் கிண்ணம் குடித்தாள். அதை மனைவிக்குச் சொல்லலாம் என்று போனை எடுக்கும்போது அவளே அழைத்தாள்.

“தம்பிக்கு உடம்பு சுடுதுங்க. விடியற்காலையில இருந்து பால் குடிக்கல. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம்.”

பெரியாஸ்பத்திரியில் குழந்தையை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். முடிவு வர ஒன்றரை நாள் ஆகும் என்றார்கள். கப்பல்காரனுக்கு ஓடிப்போய் அந்த வராந்தாவில் நிற்க வேண்டும் போலிருந்தது. பட்டாணியை யாரிடம் விடுவது? விட்டாலும், இந்தக் கையோடு பச்சக்குழந்தைகள் இருக்கிற வார்டு பக்கம் எப்படிப் போவது? நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான், துடைத்த கதவுப்பிடியையே மறுபடி துடைத்தான்.

“நான்தான் விட்டேன்” என்றாள் மனைவி மத்தியானம் போனில். “பன்னெண்டு நாளும் அவன் கன்னத்துல முத்தம் குடுத்துட்டே இருந்தா. அக்கா தம்பி பாசம்னு சிரிச்சிட்டு இருந்தேன். அவளுக்குக் காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே அது இருந்திருக்குமாமே.”

“உனக்கு எப்படித் தெரியும். அவளுக்கே தெரியல.”

“நீங்க தூக்கவே இல்லையேன்னு அப்ப எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு. இப்ப அதுவும் நல்லதுதான்னு நெனைக்கிறேன். பாருங்க, என்னவெல்லாம் நெனைக்க வேண்டியிருக்கு.”

பட்டாணி அன்று அவன் மடியில் உட்கார்ந்து பொம்மைக்குக் கை கழுவி விட்டாள். தம்பிக்கு என்ன என்று கேட்டாள். தம்பிக்குக் காய்ச்சல் என்றான். “ஐஸ் தண்ணி குடுக்கச் சொல்லு” என்றாள். அவளைக் கட்டிக்கொண்டான். பதினாறு நாள் வயதான ஒரு பிள்ளை, அவன் முகத்தையே தான் நேரில் பார்த்ததில்லை. கதவிடுக்கில் பார்த்த கறுத்த முடி கொஞ்சம்தான் அவன் மனதில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்றரை நாளை ஓட்டினான்.

மறுநாள் மாலை முடிவு வந்தது. ரத்தத்திலும் ஒன்றுமில்லை, முதுகுத்தண்டு நீரிலும் ஒன்றுமில்லை. பையன் பால் குடிக்கத் தொடங்கிவிட்டான். காற்றுப்படக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தி, மூன்று துணி சுற்றி, தலைக்குக் கம்பளிக் குல்லாவும் மாட்டியதால்தான் பெரும்பாலும் சூடு ஏறியிருக்கும் என்றார்களாம். போனை மாமியார் வாங்கினாள்.

“சளி பிடிச்சிடுமேன்னு செஞ்சேன் மாப்பிள்ளை. என்னைத் திட்டுறதுன்னா திட்டிக்கங்க.”

“திட்டுறதா? அத்தை, நீங்க மூணு துணியில நிறுத்தினீங்களே, அதுவே பெருசு.”

சிரித்துக்கொண்டே சொன்னவன் போனை வைத்ததும் சமையலறைச் சுவரில் சாய்ந்து அழுதான்.

மறுநாள் காலை அவனுக்கே தொண்டையில் முள் குத்தியது. மத்தியானம் உடம்பு கதகதவென்றிருந்தது. அதற்கடுத்த நாள் உள்ளங்கையில் ஆறேழு புள்ளிகள். டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பெரியவங்களுக்கு இவ்வளவு தெளிவா வராது. உங்க பொண்ணு வாரிக் குடுத்திருக்கா” என்றாள். அவனுக்குச் சிரிக்க வரவில்லை. மனதுக்குள் நாளைக் கூட்டிப் பார்த்தான். எப்படிக் கூட்டினாலும் மகனைத் தூக்கும் நாளை விடுப்பு முந்திக்கொண்டது.

பட்டாணிக்குக் கொப்புளம் காய்ந்த பிறகு, மாலையில் அவளைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுத் தெருவுக்குப் போவான். எதிர்ப்புறம் மூடியிருக்கும் தையல் கடைப் படியில் இருவரும் உட்காருவார்கள். மாடி ஜன்னலில் மனைவி வருவாள். குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். அவ்வளவு கீழேயிருந்து பார்த்தால் வாய் எங்கே, மூக்கு எங்கே என்று தெரியாது. ஒருமுறை கொட்டாவி விட்டதாக மனைவி மேலேயிருந்து சைகையில் காட்டினாள். அன்று முழுக்க அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

விடுப்பு முடிவதற்கு முந்தின நாள் டாக்டரிடம் போனான்.

“பாப்பாவுக்கு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. அம்மாகிட்ட போகலாம். தம்பியத் தள்ளி நின்னு பாக்கட்டும், முத்தம் கித்தம் இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். மலத்துல பல வாரம் இருக்கும், அதனால கழிப்பறை போயிட்டு வந்தா நல்லாக் கை கழுவ வைக்கணும்.”

“எனக்கு?”

அவள் அவன் கையைப் பார்த்தாள். புள்ளிகள் காய்ந்து தோல் உரிந்துகொண்டிருந்தது. “உங்களுக்குப் பத்து நாள்தான் ஆகுது. நல்லாக் கழுவிட்டு, மாஸ்க் போட்டுட்டு ஒரு நிமிஷம் தூக்கினா ஆபத்து ரொம்பச் சின்னது. சின்னதுன்னா இல்லவே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். முடிவு உங்களோடது.”

மறுநாள் காலை பெட்டியோடும் பட்டாணியோடும் மாமியார் வீட்டு வாசலுக்குப் போனான். குழந்தை மாமியார் கையில் இருந்தது. மனைவி படியிறங்கி வந்து மண்டியிட்டுக் கையை விரித்தாள். பட்டாணி அவன் விரலை உதறிவிட்டு ஓடினாள். இரண்டடி இருக்கும்போது சட்டென்று நின்றாள். வாசல் ஓரத்துக் குழாயடிக்குத் திரும்பிப் போனாள்.

“கை கழுவணும்.”

மனைவி விரித்த கையோடு காத்திருந்தாள். பட்டாணி எண்ணினாள். பதிமூன்று, பதினாறு. யாரும் திருத்தவில்லை. இருபதில் ஊதிவிட்டு ஈரக் கையோடு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மனைவி அவள் உச்சந்தலையை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். கோணலாக இருந்த பின்னலைத் தொட்டுவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு எழுந்து, சோப்பு போட்டுக் கை கழுவி, அம்மாவிடமிருந்து பையனை வாங்கிக்கொண்டு அவன் பக்கம் வந்தாள்.

“வாங்க. மாஸ்க் போட்டுத்தான இருக்கீங்க. கழுவிட்டு வாங்க.”

அவன் முதன்முறையாக மகனின் முகத்தை நேரில் பார்த்தான். நெற்றி மாமனாருடையது. மோவாய் யாருடையது என்று பிடிபடவில்லை. பையன் கண்ணைத் திறந்து வெளிச்சம் கூசி மூடினான்.

“வேண்டாம்” என்றான். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான்.

“ஒரு நிமிஷம்தானே. டாக்டரே சொல்லிட்டாங்க.”

“சொன்னாங்க.”

“இதுக்குத்தானே வந்தீங்க. பதினேழு நாளும் இதுக்குத்தானே.” குழந்தையை இன்னும் அவன் பக்கம் நீட்டினாள். “அடுத்து எப்ப வருவீங்களோ. அப்ப இவன் இப்படியா இருப்பான்?”

“நான் தூக்கிட்டுக் கப்பல் ஏறிடுவேன். நாலாம் நாள் இவனுக்குக் காய்ச்சல்னு நீ போன் பண்ணுவ. எதனால வந்துச்சோ, நான் தூக்கினதாலயோன்னு நடுக்கடல்ல நான் உக்காந்திருக்கணும். அந்த ஒன்றரை நாளை நான் இன்னொரு தடவ தாங்க மாட்டேம்மா.”

அவள் முகத்தில் கோபம் இருந்தது. அதுவும் மெல்லக் கரைந்தது. ஓரடி முன்னால் வந்து, அவன் நன்றாகப் பார்க்கும்படி குழந்தையைச் சாய்த்துப் பிடித்தாள். கால் துணியை விலக்கிப் பாதத்தைக் காட்டினாள். பட்டாணி அம்மாவின் துணியைப் பிடித்துக்கொண்டு, “பாரு, எல்லா விரலும் இருக்கு” என்றாள். அவனை ஏற்றிப்போக வந்த வண்டிக்காரன் ஒலி எழுப்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

ஐந்து வாரம் கழித்துக் கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றிருந்தபோது பட்டாணி போனில் வந்தாள். விரலைத் திரைக்கு முன்னால் நீட்டினாள். இரண்டு விரலில் நகம் அடியிலிருந்து கழன்று நின்றது. இந்தக் காய்ச்சல் வந்து போன பிறகு சில பிள்ளைகளுக்கு இப்படி உதிர்வதுண்டாம், வலிக்காது, புதிதாக முளைத்துவிடும் என்று டாக்டர் சொன்னதாக மனைவி சொன்னாள். பையன் நன்றாக இருந்தான். கவிழ்ந்து படுக்கப் பார்க்கிறானாம்.

அடுத்த விடுப்பு கிடைத்தபோது பையனுக்குப் பதினொரு மாதம். கப்பல்காரன் இந்த முறை குளித்துவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் கூடத்துக்கே வந்தான். பையனைத் தூக்கினான். நல்ல கனம். வயிற்றில் உதைத்தான், மூக்கைப் பிடித்து இழுத்தான், பிறகு அக்காவைப் பார்த்ததும் அவளிடம் போக வேண்டுமென்று உடம்பை வளைத்து நழுவினான். பட்டாணி இரண்டு கையாலும் தாங்கி வாங்கிக்கொண்டு போனாள்.

மத்தியானம் பிள்ளைகள் இருவரும் தூங்கியபோது மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“நான் முதல்ல வந்தப்ப இவன் எவ்வளவு கனம் இருந்தான்?”

“மூணு கிலோகூட இல்ல.”

“எண் தெரியும். கையில எப்படி இருந்தான்னு கேக்குறேன்.”

அவள் மடிப்பதை நிறுத்தினாள். ஒரு போர்வையை எடுத்துச் சுருட்டி அவன் முழங்கையில் வைத்தாள். தலையைச் சாய்த்து யோசித்தாள். ஒரு துண்டை மடித்து அதன்மேல் வைத்தாள். பிறகு அதை எடுத்துவிட்டாள்.

“இவ்வளவுதான் இருப்பான்” என்றாள். “கழுத்துக்கு மட்டும் கை குடுக்கணும்.”

அவன் இடதுகையைப் போர்வையின் ஒரு முனைக்குக் கீழே கொடுத்தான். அவள் மீதித் துணிகளை மடிக்கத் தொடங்கினாள். அந்தப் போர்வையை மட்டும் திரும்பக் கேட்கவில்லை.